மியூனிக்கிலிருந்து காலையில் போய் இரவில் திரும்ப

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். மியூனிக் வந்து ஒரு மாதம் ஆகிறது, மனைவியும் நான்கு வயதுப் பெண்ணும் கூட இருக்கிறார்கள், சனி ஞாயிறுகளை வீணாக்காமல் சுற்றிப் பார்க்க வேண்டும். நீங்கள் கொடுத்த பட்டியல்: நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை, சால்ஸ்பர்க், ஹால்ஸ்டாட், பிராக், இன்டர்லாக்கன், வெனிஸ். எதை முதலில் போவது, எந்த டிக்கெட் எடுப்பது, கார் வாங்கியே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பட்டியலைப் பாதியாகக் குறைப்போம். பிராகுக்கு ரயிலில் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல். வெனிஸ் அதைவிட அதிகம். இன்டர்லாக்கன் போக சூரிச் தாண்டி இன்னும் உள்ளே போக வேண்டும். ஹால்ஸ்டாட் வரைபடத்தில் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும், ஆனால் மாறி மாறி ரயில் பிடித்து, கடைசியில் படகிலும் ஏறிப் போய்ச் சேர ஒரு வழிக்கே நான்கு மணி நேரம் ஆகிவிடும். சென்னைக்குப் புதிதாக வந்தவர் மாமல்லபுரத்தையும் ஊட்டியையும் கோவாவையும் ஒரே பட்டியலில் எழுதினால் நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதைத்தான் நானும் சொல்கிறேன். இவை எல்லாம் இரண்டு மூன்று நாள் விடுமுறைக்கு. ஈஸ்டர், விட்சன் போன்ற நீண்ட வார இறுதிகளுக்கு எடுத்து வையுங்கள்.

ஒருநாள் பயணத்துக்கு நான் வைத்திருக்கும் அளவு, வீட்டு வாசலிலிருந்து போய் இறங்கும் வரை இரண்டரை மணி நேரம். ரயில் நேரம் மட்டும் அல்ல. வீட்டிலிருந்து ரயில் நிலையம், அங்கே பிளாட்பாரம் தேடுவது, இறங்கியபின் பேருந்து, எல்லாம் சேர்த்து. அதற்கு மேல் போனால் குழந்தை திரும்பும்போது அழும், அடுத்த வாரம் 'வீட்டிலேயே இருக்கலாம்' என்று மனைவி சொல்வார். அளவு தெரிந்துவிட்டால் இடத்தைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

டிக்கெட் விஷயத்துக்கு வருவோம். டாய்ச்லாந்து டிக்கெட் என்ற மாதச் சந்தா உங்களுக்கு அலுவலகம் வழியாகவே கிடைக்கலாம், மனிதவளத் துறையில் கேளுங்கள். 2023 மே மாதம் 49 யூரோவில் ஆரம்பித்தது, 2025இல் 58 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 63. நாடு முழுக்க எஸ்-பான் (புறநகர் ரயில்), யு-பான் (சுரங்க ரயில்), டிராம், பேருந்து, உள்ளூர் ரயில் எல்லாவற்றிலும் செல்லும். ஐ.சி.இ., ஐ.சி., ரயில்ஜெட் போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. ஒரு ஆளுக்கு ஒரு டிக்கெட், மாற்றிக் கொடுக்க முடியாது. வேண்டாமென்றால் மாதம் பத்தாம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும், இல்லையென்றால் அடுத்த மாதமும் பணம் போகும்.

மனைவி வாரம் முழுக்க வீட்டில்தான் இருப்பார் என்றால் அவருக்கு மாதச் சந்தா வேண்டியதில்லை. வெளியே போகும் நாளில் மட்டும் பயர்ன் டிக்கெட் எடுங்கள். இது மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலம் முழுக்க ஒரு நாள் செல்லும், ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் சேரலாம், ஆள் கூடக் கூடத் தலைக்கு ஆகும் செலவு குறையும். ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போது இதன் அருமை தெரியும். இதில் ஒரு கொக்கி இருக்கிறது. வார நாட்களில் காலை 9 மணிக்கு முன்னால் செல்லாது. சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் நள்ளிரவிலிருந்தே செல்லும். டிக்கெட்டில் எல்லார் பெயரும் எழுதியிருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு எதுவும் வேண்டாம், 6 வயதுக்குக் கீழே இலவசம். செல்லாத டிக்கெட்டோடு உள்ளூர் ரயிலில் பிடிபட்டால் 60 யூரோ போய்விடும், 'புதிதாக வந்தேன்' என்ற கதை எடுபடாது.

ரயில் செயலியில் தேடும்போது உள்ளூர் ரயில்கள் மட்டும் என்ற வடிகட்டியைப் போட்டுவிட்டுத் தேடுங்கள். இல்லையென்றால் ரயில்ஜெட்டைத்தான் முதலில் காட்டும். சால்ஸ்பர்குக்கு அது ஒன்றரை மணி நேரம், உள்ளூர் ரயில் ஒன்றேமுக்கால், இரண்டு மணி நேரம். அந்த வித்தியாசத்துக்குத் தனியாகப் பணம் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. இத்தனைக்கும் சால்ஸ்பர்க் இருப்பது ஆஸ்திரியாவில், ஆனாலும் இரண்டு டிக்கெட்டும் சால்ஸ்பர்க் ரயில் நிலையம் வரை செல்லும்.

இனி இடங்கள். முதல் சனிக்கிழமையே நொய்ஷ்வான்ஸ்டைன் போகாதீர்கள். எல்லாரும் அங்கேதான் ஓடுவார்கள், எனக்குத் தெரிந்து பாதிப் பேர் களைத்துத்தான் திரும்புவார்கள். ஃபுஸன் வரை ரயிலில் இரண்டு மணி நேரம், சில ரயில்கள் நேராகப் போகும், சிலவற்றில் வழியில் மாற வேண்டும். அங்கிருந்து ஹோஹென்ஷ்வாங்காவுக்குப் பேருந்து. பிறகு மலைமேல் அரைமணி முதல் முக்கால் மணி நேர நடை. உள்ளே வழிகாட்டியோடு சுற்றிக் காட்டுவது அரைமணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். புகைப்படம் எடுக்கக் கூடாது, ஸ்ட்ரோலர் உள்ளே விடமாட்டார்கள், டிக்கெட்டில் போட்ட நேரம் தவறினால் டிக்கெட் போச்சு. அதனால் இணையத்தில் முன்பே பதிவு செய்யுங்கள், நேரத்தை மதியம் 1 மணிக்கு மேல் வையுங்கள், ஒரு ரயில் தாமதமானாலும் சமாளிக்கலாம். ரயில் தாமதமாகும், அதில் சந்தேகம் வேண்டாம்.

பவேரிய அரசர் இரண்டாம் லுட்விக் இந்தக் கோட்டையை 1869இல் கட்ட ஆரம்பித்து, முடிவதற்குள் 1886இல் இறந்துபோனார். ஏழே வாரத்தில் காசு வாங்கிக்கொண்டு மக்களை உள்ளே விட ஆரம்பித்துவிட்டார்கள். 2025இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தாகிவிட்டது, கூட்டம் குறையப்போவதில்லை. உண்மையைச் சொன்னால் கோட்டை அழகாகத் தெரிவது வெளியே இருந்துதான், அதிலும் மரியன்புருக்கே பாலத்தில் நின்று பார்க்கும்போது. பனிக்காலத்தில் வழுக்கும் என்று அந்தப் பாலத்தை மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு முதல் பயணமாக நான் சொல்வது ஷ்டார்ன்பெர்க் ஏரி. எஸ்6 ரயிலில் நகர மையத்திலிருந்து நாற்பது நிமிடம்கூட ஆகாது, நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே தண்ணீர். வானம் தெளிவாக இருந்தால் ஆல்ப்ஸ் மலை முழுக்கத் தெரியும். படகில் ஒரு சுற்று போகலாம், அதற்கு உங்கள் ரயில் டிக்கெட் செல்லாது, தனியாக எடுக்க வேண்டும். லுட்விக் இறந்து கிடந்ததும் இதே ஏரியில்தான், பெர்க் என்ற ஊர்ப் பக்கம் தண்ணீருக்குள் ஒரு சிலுவை நட்டு வைத்திருக்கிறார்கள். மழை வந்தால் ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

அடுத்தது கீம்ஸே ஏரி. பிரீன் வரை ரயிலில் ஒரு மணி நேரம், அங்கிருந்து படகுத்துறைக்கு நடந்தால் இருபது இருபத்தைந்து நிமிடம். பெரிய தீவில் லுட்விக் வெர்சாய் அரண்மனையைப் பார்த்துக் கட்டிய மாளிகை இருக்கிறது. எனக்குப் பிடித்தது பக்கத்திலிருக்கும் சின்னத் தீவு ஃபிராவென்இன்ஸல். 782இல் நிறுவப்பட்ட கன்னியர் மடம், சில மீனவர் வீடுகள், கார் கிடையாது, குழந்தையை ஓட விடலாம். நுழைவு நேரம் என்ற கெடுபிடியும் இல்லை.

சால்ஸ்பர்க் மூன்றாவது. நிலையத்திலிருந்து மிராபெல் தோட்டம் வழியாக நடந்தே பழைய நகரத்துக்குப் போகலாம், பேருந்து தேவையில்லை. மோட்சார்ட் பிறந்த வீடு கெட்ரைடகாஸே 9ஆம் எண். மகளுக்கு அதைவிட 1892இலிருந்து ஓடும் கோட்டை இழுவை ரயில்தான் பிடிக்கும். திரும்பி வரும்போது எல்லையில் போலீஸ் ரயிலில் ஏறிச் சோதிக்கும், 2015இலிருந்து இது நடக்கிறது. மூவருடைய பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் கையில் இருக்கட்டும், செல்போனில் எடுத்த படம் போதாது. அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டுத் தற்காலிகக் காகிதம் மட்டும் வைத்திருந்தால், அதில் வெளியே போய்த் திரும்பி வர அனுமதி உண்டா என்று வெளிநாட்டினர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யாமல் எல்லையைத் தாண்டாதீர்கள். எல்லாக் காகிதத்துக்கும் அந்த அனுமதி கிடையாது.

மழை நாளுக்கு நியூரன்பெர்க். 1835இல் ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் ஓடியது நியூரன்பெர்கிலிருந்து ஃபூர்த்துக்குத்தான். அங்கே ரயில் அருங்காட்சியகம், பொம்மை அருங்காட்சியகம் இரண்டும் உண்டு. திங்கட்கிழமை போகாதீர்கள், அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஜெர்மனியின் மிக உயரமான மலையான சுக்ஷ்பிட்ஸ விஷயத்தில் ஒன்றே ஒன்று: 2962 மீட்டர் உச்சி, மலை ரயில் கட்டணம் அதிகம், உங்கள் சந்தா டிக்கெட்டும் அதில் செல்லாது. காலையில் உச்சியின் நேரலைக் கேமராவைப் பாருங்கள். வெறும் வெள்ளையாகத் தெரிந்தால் அடிவாரத்திலிருக்கும் கார்மிஷில் பார்ட்னாக் பள்ளத்தாக்கை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

டேகர்ன்ஸே ஏரிக்குப் போவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அந்த ரயில் ஹோல்ட்ஸ்கிர்ஷனில் இரண்டாகப் பிரியும். ஒரு பகுதி பைரிஷ்செல் பக்கம் போகும், மற்றதும் ஷாஃப்ட்லாக்கில் மறுபடி பிரிந்து, ஒன்று டேகர்ன்ஸேக்கும் இன்னொன்று லெங்ரீஸுக்கும் போகும். பெட்டியின் வெளியே எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏறுங்கள். அறிவிப்பை நம்பாதீர்கள், வேகமான ஜெர்மனில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதோடு வார இறுதிகளில் தண்டவாள வேலை நடக்கும். எஸ்.இ.வி. என்று போட்டிருந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து, குறைந்தது அரைமணி கூடுதல். வெள்ளிக்கிழமை இரவே பார்த்து வைத்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போங்கள். பீர் கார்டனில் உட்கார்ந்து வீட்டுச் சாப்பாட்டைப் பிரிக்கக் கூச்சப்படும் நம்மவர்கள் நிறைய. பவேரியாவில் இது வழக்கம். 1812இல் அரசர், மதுக் காய்ச்சுபவர்கள் தங்கள் தோட்டத்தில் பீரும் ரொட்டியும் விற்கலாம், வேறு உணவு விற்கக் கூடாது என்று போட்ட உத்தரவிலிருந்து வந்தது. மேசை விரிப்பு போடாத, நாமே எடுத்துக்கொள்ளும் பகுதியில் உட்காருங்கள், குடிப்பதை மட்டும் அங்கே வாங்கினால் போதும். ஆப்பிள் சாறு கலந்த சோடாவும் கிடைக்கும். ஞாயிறன்று சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும், ஆகவே பாலும் பழமும் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். கழிப்பறைக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

கார் பற்றிக் கேட்டீர்கள். இந்திய உரிமம் இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். ஆஸ்திரியா நெடுஞ்சாலைக்கு விக்னெட் என்ற சுங்க வில்லை தனி, குளிர்காலத்துக்கு டயர் தனி, விடுமுறை தொடங்கும் சனிக்கிழமைகளில் சால்ஸ்பர்க் போகும் ஏ8 சாலை நகரவே நகராது. இப்போதைக்கு வேண்டாம். ரயில் போகாத பள்ளத்தாக்குகளுக்கு ஆசை வந்தால், அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வெளிச்சம். ஜூனில் இரவு ஒன்பதேகால் வரை சூரியன் இருக்கும், பத்து மணிக்குக் கிளம்பினாலும் நாள் மிச்சமிருக்கும். டிசம்பரில் நாலரைக்கு முன்பே இருட்டிவிடும், அப்போது ஏரியும் மலையும் வேண்டாம், கிறிஸ்துமஸ் சந்தை விளக்கு எரியும் நியூரன்பெர்க், சால்ஸ்பர்க் மாதிரி ஊர்களை வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் வானிலை நன்றாக இருந்தால் ஷ்டார்ன்பெர்க். நொய்ஷ்வான்ஸ்டைனுக்கு இன்றே உட்கார்ந்து ஒரு வார நாளில் விடுப்பு எடுத்துப் பதிவு செய்துவிடுங்கள், அன்று பயர்ன் டிக்கெட் எடுத்தால் 9 மணிக்கு மேல் கிளம்பும் முதல் ரயிலைப் பாருங்கள்.