மாங்கூழ் டிரம்களை மாடியில் ஏற்றலாமா?

காவேரிப்பட்டணம் வாசகர் ஒருவரின் கேள்வி: "வீட்டுக்காகக் கட்டிய இருபது ஆண்டுப் பழைய கட்டடத்தின் மாடியில் 200 லிட்டர் மாங்கூழ் டிரம்களை வைக்க நினைக்கிறோம். பீம் தாங்காது என்கிறார் எங்கள் பொறியாளர். ‘நான்-லீனியர்’ முறையில் கணினியில் போட்டால் தாங்கும் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?"

முதலில் எடையைப் பாருங்கள். வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் என்றுதான் கணக்குப் போடுவார்கள். நிரம்பிய டிரம்களை ஒரே அடுக்காக நெருக்கி வைத்தாலே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 600 கிலோ வந்துவிடும்.

இரண்டாமவர் சொல்வதில் பாதி உண்மை. பாரம் பீமில் எப்படிப் பரவும் என்று பார்க்கும்போது, வழக்கமான கணக்கு பெரும்பாலும் கான்கிரீட் விரிசலே விடாது என்று வைத்துக்கொள்கிறது. நிஜத்தில் அழுத்தத்தைத் தாங்கும் வலிமையில் சிறு பங்குதான் இழுவிசைக்கு உண்டு. தூணருகே பீமின் மேற்பக்கம் விரிசல் விட்டதும் பாரத்தின் ஒரு பகுதி நடுப்பகுதிக்கு நகரும். விரிசலையும் கம்பி நெகிழ்வதையும் படிப்படியாகப் பின்தொடர்வதுதான் நான்-லீனியர் முறை. ஆனால் பீமை வளைக்கும் விசையில் 30 சதவீதம் வரை இப்படி நகர்த்திக்கொள்ள எளிய கணக்கிலேயே, சில நிபந்தனைகளோடு, இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 அனுமதிக்கிறது. அதற்கு விலையுயர்ந்த மென்பொருள் வேண்டியதில்லை.

எனக்குப் பயம் வேறிடத்தில். தூணை ஒட்டிச் சாய்வாக ஓடும் வெட்டுவிசைப் பிளவு (பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசையால் வருவது), ரிங் கம்பி, அதாவது நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம், போதாத பீமை முன்னறிவிப்பின்றி முறித்துவிடும். பீமை வெறும் கோடாக வரைந்து, வளைவை மட்டும் கவனிக்கும் மாடல்கள் இதைப் பார்ப்பதே இல்லை; திரையில் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். நுணுக்கமான மாடலிலும், பீமைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் கண்ணியின் அளவை மாற்றினால் விடை மாறலாம். கணக்கு பாதியில் நின்றாலும் கட்டடம் விழுந்ததாகப் பொருளில்லை. (அந்த இடத்தில் கோடு போட்டு ‘இதுதான் உச்ச வலிமை’ என்று எழுதிய அறிக்கைகளையும் பார்த்திருக்கிறேன்.)

ஆகவே பணத்தை முதலில் கட்டடத்தில் செலவிடுங்கள். கம்பியின் விட்டம், ரிங் இடைவெளி ஆகியவற்றை ஸ்கேன் செய்தும், ஓரிரு இடங்களில் பூச்சைக் கொத்தியும் அளக்கச் சொல்லுங்கள். குறைந்தது மூன்று இடங்களில் கோர் (துளையிட்டு எடுக்கும் உருளை வடிவக் கான்கிரீட் துண்டு) எடுத்துச் சோதியுங்கள். அதன்பின் அஸ்திவாரத்தைப் பாருங்கள். மென்பொருள் கடைசியில்தான்.

இரண்டாமவரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: ரிங் இடைவெளியை எங்கிருந்து எடுத்தீர்கள்? வெட்டுவிசை முறிவு உங்கள் மாடலில் தெரியுமா? விடை வரும்வரை டிரம்கள் கீழ்த்தளத்திலேயே இருக்கட்டும்.