தாடை வீங்கிய வெள்ளாடுகள்: மருந்து ஊற்றியும் புழு போகாதது ஏன்?

கேள்வி: பதினெட்டு வெள்ளாடுகள் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்குப் பிறகு நான்கைந்து ஆடுகளுக்குத் தாடைக்கு அடியில் பைபோல வீங்கியிருக்கிறது. மெலிந்துவிட்டன, கழிச்சல் இல்லை. கடையில் வாங்கிய அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தை எல்லா ஆடுகளுக்கும் இரண்டு முறை ஊற்றியும் பலனில்லை. இந்தப் புழு வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றுமா?

பதில்: மூன்றாம் முறை அதே மருந்தை ஊற்றாதீர்கள். முதலில் ஒவ்வொரு ஆட்டின் கீழ் இமையையும் வெயில் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருந்தால் கவலையில்லை. வெளுத்து வெள்ளையாக இருந்தால் அந்த ஆட்டுக்கு ரத்தம் வற்றிவிட்டது. அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஆட்டு வயிற்றின் நான்காம் அறையில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழு என்றே சந்தேகிக்கிறேன். ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். ஆயிரம் புழு இருந்தால் தினமும் 50 மில்லி போகும். 20 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்த ரத்தமே ஒன்றரை லிட்டருக்குள்தான். ரத்தத்தில் புரதம் குறைவதால்தான் தாடையில் நீர் கோக்கிறது. கழிச்சல் இல்லாததும் இதற்குப் பொருந்துகிறது.

ஆனால் தட்டைப்புழுவும் தாடையை வீங்க வைக்கும். வயல் வரப்பு, குளக்கரை, நத்தை உள்ள ஈர நிலத்தில் மேய்த்திருந்தால் மருத்துவரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள். அதன் முட்டை கனமானது. புழுக்கையைக் கரைத்து முட்டையை மிதக்கவிடும் வழக்கமான சோதனையில் தப்பிவிடும், படிய வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஐந்தாறு ஆடுகளின் ஆசனவாயிலிருந்தே புழுக்கையை எடுத்து, தனித்தனிப் பையில் போட்டு, அன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் கொடுங்கள்.

மருந்து பலிக்காததற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, கண்மதிப்பில் எடை போட்டு அளவு குறைவது. வெள்ளாடு செம்மறியைவிட வேகமாக மருந்தை வெளியேற்றிவிடும் என்பதால், செம்மறிக்குப் போடும் அளவு இதற்குப் பல நேரம் போதாது. மற்றொன்று, அதே மருந்தை வருடக்கணக்கில் ஊற்றியதால் தாக்குப்பிடிக்கும் புழுக்கள் மட்டும் மிஞ்சுவது. மருந்து கொடுக்கும் முன்பும், கொடுத்த 14-ஆம் நாளும் புழுக்கையில் உள்ள புழு முட்டையை மருந்தகத்தில் எண்ணச் சொல்லுங்கள். முட்டை 95 சதவீதம் குறையவில்லை என்றால், அளவும் சரியாக இருந்திருந்தால், அந்த மருந்து உங்கள் பட்டியில் எடுபடவில்லை.

அப்போது லெவாமிசோல், க்ளோசன்டெல் போன்ற வேறு வகைக்கு மருத்துவர் மாற்றுவார். இவற்றை எடை பார்க்காமல் நீங்களாக ஊற்றவே கூடாது. க்ளோசன்டெல் அளவு மிஞ்சினால் ஆட்டுக்குப் பார்வையே போகலாம். சினை ஆடு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சினையின் தொடக்கத்தில் அல்பெண்டசோல் குட்டியை ஊனமாக்கும்.

இமை சிவந்த ஆடுகளுக்கு மருந்து வேண்டாம். மருந்து படாத புழுக்கள் கொஞ்சம் மிஞ்சினால்தான் எதிர்ப்புள்ளவை பெருகாமல் தடுபடும். பனி காய்ந்த பிறகு மேய்ச்சலுக்கு விடுங்கள். மரத்தழையைக் கட்டித் தொங்கவிட்டுக் கொடுங்கள். புழுவின் குஞ்சுகள் தரையை ஒட்டிய புல்லில்தான் அதிகம்.

பிள்ளைகளைப் பற்றி: ஹீமாங்கஸ் மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது. பிள்ளைகளை வாட்டும் கொக்கிப்புழு மனிதக் கழிவு கலந்த மண்ணிலிருந்து வெறுங்கால் வழியே ஏறுவது. 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்குத் தேசிய குடற்புழு நீக்க நாளில் பள்ளி, அங்கன்வாடியில் மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். மீதமுள்ள ஆட்டு மருந்தை ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஆடு அறுக்கும்போது ஈரல், நுரையீரலில் நீர்க்கட்டி கண்டால் நாய்க்குப் போடாமல் ஆழப் புதையுங்கள். அந்தக் கட்டியைத் தின்ற நாயின் மலத்திலிருந்து பரவும் நாடாப்புழு முட்டை வயிற்றுக்குள் போனால், மனிதரின் ஈரலிலும் அதே கட்டி வளரும்.