கல்லுக்கு அடியில ஒரு ராட்சசன்

கேள்வி: பழைய புக்கைத் திறந்தா சில நேரம் வாலில்லாத குட்டித் தேள் மாதிரி ஒண்ணு ஓடுமே, போலித்தேளுன்னு சொல்றாங்க. அதுலயே ராட்சச சைஸ்ல ஒண்ணு ஏதோ தீவுல இருக்காமே, நிஜமா சார்? கொட்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நிஜம்தாம்மா, ஆனா ராட்சசன்னா 12 மில்லிமீட்டர் வரைக்கும்தான், உங்க கட்டைவிரல் நகத்து மேலயே உக்காந்துரும். புக்குல ஓடுறது 3, 4 மில்லிமீட்டர்தானே, அதுங்க பக்கத்துல வெச்சா இது நிஜமாவே ராட்சசன். காரிபஸ் டைட்டானியஸ்னு 1961ல மாக்ஸ் பெய்யர்ங்கிறவர் பேர் வெச்சார். கொட்டாது, கொட்ட வாலே கிடையாது. விஷம் இருக்கிறது இடுக்கியோட விரல்ல, அதுவும் குட்டிப் பூச்சிங்கள மடக்கத்தான், நமக்கு ஒண்ணும் ஆகாது.

காரிபஸ் இனத்துல இன்னும் நிறைய வகை இருக்கு, கலிபோர்னியா பக்கம், மத்தியதரைக்கடல் பக்கம்லாம். எல்லாமே கடற்கரைவாசிங்க. அலை ஏறி வர்ற கோட்டுக்குக் கொஞ்சம் மேல, கல்லுக்கு அடியில, கரை ஒதுங்கின கட்டைக்கு அடியில, காஞ்ச பாசிக்குள்ள, இவ்ளோதான் அதுங்க உலகம். மெதுவா ஒரு கல்லைப் புரட்டினா தட்டையா ஒட்டிக்கிட்டு இருக்கும், ரெண்டு இடுக்கியும் உடம்பை விட அகலமா விரிஞ்சிருக்கும், தொட்டா சடார்னு பின்னாடியே நடக்கும். போலித்தேளுங்களுக்கு வாய்ப்பக்கத்துல இருந்து நூல் வரும், அந்தப் பட்டுல குட்டியா ஒரு ரூம் கட்டி உள்ள உக்காந்துதான் தோல் உரிக்கும். தாய் முட்டைப் பையை வயித்துக்கு அடியிலயே ஒட்டவெச்சு சுமக்கும், அதுக்குள்ள வளர்ற குஞ்சுங்களுக்கு தன் உடம்புல ஊறுற சத்துநீரையே ஊட்டும், இதை நினைச்சாலே எனக்கு மனசு உருகிடும்.

நீங்க கேட்ட ராட்சசன் இருக்கிறது தெற்கு அட்லாண்டிக்ல, அசென்ஷன்னு ஒரு எரிமலைத் தீவு, அதோட கிழக்குக் கரைக்குப் பக்கத்துல போட்ஸ்வைன் பேர்டுன்னு ஒரு பாறைத் தீவு. மேல பூரா கடல்பறவைங்க, அதுங்க எச்சம் படிஞ்சு கிடக்கு, அந்த எச்சத்துல பூச்சிங்க, அதைத் தின்னு இது. பெரிய தீவுல மனுசங்களோட எலியும் பூனையும் வந்து இறங்கிடுச்சு, பறவைங்களே கூடு கட்ட இடமில்லாம இந்தப் பாறைக்கு ஒதுங்குச்சு. காட்டுப்பூனைங்கள ஒழிக்க ஆரம்பிச்ச பிறகுதான் பறவைங்க பெரிய தீவுக்குத் திரும்ப ஆரம்பிச்சுது, 2006ல பூனையில்லாத தீவுன்னும் அறிவிச்சாங்க. ஆனா போலித்தேளுக்கு றெக்கை இல்லையேம்மா, இன்னமும் அழிவோட விளிம்புல இருக்கிற உயிர்னுதான் உலக சிவப்புப் பட்டியல்ல இருக்கு. அந்தப் பாறையில ஒரே ஒரு எலி கர்ப்பமா ஏறினாலும் போதும்னு எனக்கு பயமா இருக்கு.