கேளுங்கள், சொல்கிறேன்: தனித் தீவும் கைக்கோடாரியும்

போன இதழில் சிறுவர் புத்தகங்களைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காடு, கடல், தனித் தீவு என்றே இருந்தன. அதனால் இந்த முறை அந்தக் கேள்விகள் மட்டும்.

கேள்வி: என் மகன் தொடக்கநிலை 5 படிக்கிறான். புத்தகத்தை நீட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஆனால் யாரோ காட்டில் குடிசை கட்டுகிற, தீ மூட்டுகிற காணொளிகளை மட்டும் கண் கொட்டாமல் பார்க்கிறான். இவனைப் படிக்க வைக்க வழி உண்டா?
- ஒரு தாய், தெம்பனிஸ்

பதில்: அவன் பார்க்கிற காணொளியிலேயே வழி இருக்கிறது அம்மா. ஒரு வேலை முதலிலிருந்து கடைசி வரை எப்படி நடக்கிறது என்று பார்க்க அவனுக்கு ஆசை. அந்த ஆசைக்குத் தீனி போடுகிற புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள். கேரி பால்சன் 1987இல் எழுதிய 'ஹாட்செட்' என்ற ஆங்கில நாவலைத்தான் நான் முதலில் சொல்வேன். பிரையன் என்ற 13 வயதுப் பையன், பிரிந்து வாழும் அப்பாவைப் பார்க்கச் சின்ன விமானத்தில் கனடாவின் வடகாட்டுக்குப் போகிறான். நடுவானில் விமானிக்கு மாரடைப்பு, விமானம் ஏரியில் விழுகிறது, பையன் எப்படியோ கரையேறிவிடுகிறான். கையில் இருப்பது அம்மா பரிசாகக் கொடுத்த ஒரு கைக்கோடாரி மட்டும்.

அதில் தீ மூட்டுகிற பகுதியை மட்டுமாவது அவன் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். இருட்டில் குகைக்குள் முள்ளம்பன்றி வந்துவிடுகிறது, பயத்தில் கோடாரியை வீசுகிறான், அது பாறையில் பட்டுப் பொறி பறக்கிறது. காலில் தைத்த முட்களைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தூங்கிப் போகிறவனுக்கு, அந்தப் பொறிதான் தீ என்பது அப்புறம்தான் உறைக்கிறது. காய்ந்த புல்லை வைத்துப் பார்க்கிறான், பற்றவில்லை. சுள்ளியும் பற்றவில்லை. பையிலிருந்த 20 டாலர் நோட்டைக் கிழித்துப் போடுகிறான், அதுவும் பற்றவில்லை. கடைசியில் ஒரு மரப்பட்டையைத் தலைமுடி மாதிரி மெல்லிசாக உரித்து, குருவிக்கூடு போலச் சுருட்டி வைத்துப் பொறி தட்டுகிறான். பொறி விழுகிறது, மினுக்குகிறது, செத்துப் போகிறது. தீக்குக் காற்று வேண்டும் என்று வகுப்பில் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்து, குனிந்து ஊதுகிறான்.

இத்தனைக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்திருக்கிறார் எழுத்தாளர். புலி துரத்துகிறது, பாலம் உடைகிறது என்று ஓடுகிற கதைகளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் படிக்கப் பிடிக்காத பிள்ளையைப் பிடித்து உட்கார வைப்பது, "சரி, இது சரிப்படவில்லை, அடுத்து என்ன செய்யலாம்" என்று கதாநாயகன் யோசிக்கிற அந்த இடங்கள்தான். அங்கே பிள்ளையும் சேர்ந்து யோசிக்கிறது. நான் தமிழ் சொல்லிக் கொடுத்த வருடங்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கதையை அந்த இடத்தில் நிறுத்தி "நீயாக இருந்தால்?" என்று கேட்டால், வாயே திறக்காத பிள்ளைகூடத் தப்பும் தவறுமாகவாவது தமிழில் பதில் சொல்லிவிடும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விமானியின் சாவு தொடக்கத்திலேயே வருகிறது, கடைசிப் பகுதியில் மூழ்கிய விமானத்துக்குள் ஒரு கோரமான காட்சியும் உண்டு. பெற்றோர் பிரிந்த வேதனையும் பையனை விடாமல் துரத்துகிறது. நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று இல்லை, வட்டார நூலகத்தில் தேடிப் பாருங்கள்.

கேள்வி: இந்த மாதிரிக் கதைகளில் எப்போதும் பையன்கள்தானே வருகிறார்கள்? எனக்கு இரண்டும் பெண் பிள்ளைகள்.
- ஒரு தந்தை, பொங்கோல்

பதில்: நீங்கள் கேட்பது நியாயம்தான், பழைய புத்தகங்களில் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் ஸ்காட் ஓடெல் 1960இல் எழுதிய 'ஐலண்ட் ஆஃப் தி புளூ டால்ஃபின்ஸ்' உங்கள் பெண்களுக்காகவே எழுதியது போல இருக்கும். தன் இனத்தார் எல்லாரும் கப்பலேறிப் போன பிறகு, கரானா என்ற சிறுமி தீவில் தனியாக மாட்டிக்கொள்கிறாள். பெண்கள் ஆயுதம் செய்யக் கூடாது என்பது அவள் இனத்தின் கட்டுப்பாடு. செய்தால் பூமி அதிருமோ, ஆபத்து நேரத்தில் ஆயுதம் முறிந்துவிடுமோ என்று பயந்து பயந்து, கடைசியில் வேறு வழியில்லாமல் அவளே ஈட்டியும் வில்லும் செய்கிறாள். அந்தப் பயத்தை எழுதியிருக்கிற விதத்துக்காகவே நான் இந்தப் புத்தகத்தை மூன்று முறை படித்தேன்.

இது வெறும் கற்பனையும் இல்லை. கலிஃபோர்னியாவை ஒட்டிய சான் நிக்கோலஸ் தீவில் 1835 முதல் 1853 வரை, 18 வருடம், ஒரு பழங்குடிப் பெண் தனியாக வாழ்ந்தார். கண்டுபிடித்து ஊருக்கு அழைத்து வந்தபோது அவர் பேசிய மொழியைப் புரிந்துகொள்ள அங்கே யாரும் இல்லை. ஏழே வாரத்தில் இறந்துபோனார். மூத்தவள் கொஞ்சம் வளர்ந்தவள் என்றால் அவளோடு இதைப் பேசலாம், சின்னவளிடம் கதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிறுவயதில் ராபின்சன் குரூசோவைத் தமிழில் சுருக்கமாகப் படித்த ஞாபகம். பேரனுக்கு அதையே கொடுக்கலாமா? தமிழில் வேறு என்ன இருக்கிறது?
- ஒரு தாத்தா, ஈசூன்

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம் ஐயா, சுருக்கப் பதிப்பாகவே கொடுங்கள். டேனியல் டிஃபோவின் மூலம் 1719இல் வந்தது, இன்றைய பிள்ளைக்கு அந்த நடை கடினம். கூடவே ஒன்று, குரூசோவின் கப்பல் உடைந்தது அவன் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரப் புறப்பட்ட பயணத்தில்தான். சுருக்கங்களில் இது பெரும்பாலும் காணாமல் போய்விடும். பேரன் கொஞ்சம் பெரியவன் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். தோட்டக் காடுகளுக்குக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் வழியில் வந்த நமக்கு, அந்தக் கப்பலில் யார் யாருக்காக ஏற்றப்பட்டார்கள் என்ற கேள்வி அன்னியமானதல்ல.

அலெக்சாண்டர் செல்கிர்க்கின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்காட்லாந்து மாலுமி. கப்பல் பழுதாகிவிட்டது, இதில் வரமாட்டேன் என்று கேப்டனோடு சண்டை போட்டு, சிலிக்கு அப்பால் ஒரு தீவில் 1704இல் இறங்கிக்கொண்டார். அந்தக் கப்பல் பிறகு உண்மையாகவே மூழ்கியது! நான்கு வருடம் நான்கு மாதம் தனியாக இருந்தார். ராத்திரியில் எலிகள் காலைக் கடித்ததால் காட்டுப் பூனைகளைப் பழக்கிப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு இந்தப் பூனைகளை ரொம்பப் பிடிக்கும்.

தமிழில் என்றால், சிறுவர் எழுத்தாளர் வாண்டுமாமாவின் புத்தகங்களை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். படமும் வேண்டும் என்றால் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸ் இருக்கிறது. அப்புறம் நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்டத் தோதானது, பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகத்தின் தொடக்கம். கோடிக்கரையில் இருட்டுகிற நேரத்தில் வந்தியத்தேவன் புதைசேற்றில் மாட்டிக்கொள்கிற இடம். வீரன், வாள் வைத்திருக்கிறான், குதிரை ஏறத் தெரியும், ஆனால் சேற்றுக்கு முன்னால் ஒன்றும் செல்லவில்லை, அந்த மண்ணை அறிந்த பூங்குழலிதான் காப்பாற்றுகிறாள். முழு நாவலுக்கும் பேரன் இப்போது தயாராக இருக்கமாட்டான். அந்த அத்தியாயம் மட்டும் போதும்.

கேள்வி: படித்துவிட்டு என் பிள்ளை பூங்காவில் தீ மூட்டிப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடிக்கிறான்.
- பாசிர் ரிஸ்

பதில்: கூடாது. முன்பதிவு செய்த பார்பிக்யூ அடுப்பில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். அதுவரை கயிற்றில் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுங்கள். உங்கள் பேட்டைப் பூங்காவிலேயே சதுப்புநிலக் காட்டுக்குள் மரப்பாதை இருக்கிறது. அலை ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை கூட்டிப் போய், தண்ணீர் எந்த வேர் வரை வந்தது என்று குறிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கற்பனைக் கதை வேண்டாம். உண்மையில் காட்டில் மாட்டித் தப்பித்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?
- உயர்நிலை 1 மாணவன், உட்லண்ட்ஸ்

பதில்: இருக்கிறார்கள் தம்பி. 1971 டிசம்பர் 24 அன்று பெரு நாட்டில் இடி மின்னலில் ஒரு விமானம் வானத்திலேயே உடைந்தது. ஜூலியானே கோப்கே என்ற 17 வயதுப் பெண், இருக்கையோடு சேர்ந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் உயரத்திலிருந்து அமேசான் காட்டில் விழுந்தார். உயிரோடு மீண்டவர் அவர் ஒருவர்தான், கூட வந்த அம்மாவும் போய்விட்டார். தண்ணீரைக் கண்டால் அது ஓடும் பக்கமே போ, மனிதர்கள் இருப்பார்கள் என்று அப்பா சொல்லியிருந்தார். ஓர் ஓடையைப் பிடித்துக்கொண்டு, சாப்பிடக் கொஞ்சம் மிட்டாய் மட்டும் வைத்துக்கொண்டு, 11 நாள் தாக்குப்பிடித்தார். தன் கதையைப் பிறகு அவரே எழுதியும் இருக்கிறார்.

உன் வயதுப் பெண்ணின் கதையும் ஒன்று உண்டு. 2023 மே மாதம் கொலம்பியாவில் விமானம் விழுந்து, நான்கு பழங்குடிப் பிள்ளைகள் 40 நாள் காட்டில் இருந்தார்கள். மூத்தவளுக்கு 13 வயது, கடைசிக் குழந்தைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. முதலில் அவர்கள் சாப்பிட்டது விமானத்தில் கிடந்த மரவள்ளிக் கிழங்கு மாவு. அது தீர்ந்ததும் காட்டுப் பழங்கள், விதைகள். எதைத் தின்னலாம், எதைத் தொடக் கூடாது என்று மூத்தவளுக்குத் தெரிந்திருந்தது, அதெல்லாம் வீட்டில் பெரியவர்களிடம் கற்றது.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு என் பாட்டி ஞாபகம்தான் வந்தது. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்த பிறகு மூன்றரை வருடம் இந்தத் தீவில் அரிசிக்குப் பெரிய தட்டுப்பாடு, எங்கே மண் இருந்ததோ அங்கே மரவள்ளியை ஊன்றினார்கள். பாட்டி அந்தக் கதையைச் சொல்லும்போது அழமாட்டார், செய்முறைதான் சொல்வார். தோலோடு அந்தச் சிவப்புப் பட்டையையும் சேர்த்து உரிக்கணும், ஊறப்போடணும், வேகவைத்த தண்ணீரைக் கொட்டணும், கசக்கிற கிழங்கைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது, விஷம். உன் வீட்டிலோ பக்கத்துப் புளோக்கிலோ அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருந்தால், இந்த வாரமே போய் உட்கார்ந்து, என்ன சாப்பிட்டீர்கள், எப்படிச் சமைத்தீர்கள் என்று கேள். ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போ.