17 பெரிதா, 12.5 பெரிதா? என்எச்எல் ஒப்பந்தங்களை ஒப்பிடும் முறை

கேள்வி: டொராண்டோவில் இருக்கிறேன். மகனோடு சேர்ந்து என்எச்எல் ஐஸ் ஹாக்கி பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். கப்ரிஸோவுக்கு 17 மில்லியன் டாலர், டிரைசைட்டிலுக்கு 14, மெக்டேவிட்டுக்கு 12.5 என்கிறார்கள். இன்றைய தேதியில் சிறந்த வீரர் என்று எல்லோரும் சொல்லும் மெக்டேவிட்டுக்கு ஏன் குறைவு? ஆஸ்டன் மேத்யூஸ் சம்பளம் ஓரிடத்தில் 13.25 என்றும் இன்னோரிடத்தில் 16.7 என்றும் இருக்கிறது. எதை வைத்து ஒப்பிடுவது? இந்திய ஹாக்கி லீக் ஏலத் தொகையை இதோடு வைத்துப் பார்க்கலாமா?

பதில்: மேத்யூஸிலிருந்து ஆரம்பிப்போம். இரண்டு எண்ணுமே சரிதான். அவருடைய ஒப்பந்தம் 4 ஆண்டுக்கு மொத்தம் 53 மில்லியன். அதை நான்கால் வகுத்தால் 13.25. அணியின் சம்பளக் கணக்கில் ஒவ்வொரு ஆண்டும் ஏறும் தொகை இது. இதைத்தான் 'கேப் ஹிட்' என்கிறார்கள். ஆனால் பணம் ஆண்டுக்கு ஆண்டு சமமாகக் கொடுக்கப்படுவதில்லை. முதல் ஆண்டான 2024-25 சீசனில் அவருக்குச் சேர வேண்டியிருந்தது 16.7. பின் ஆண்டுகளில் அது குறைந்துகொண்டே போகும். 'அதிகம் சம்பாதிக்கும் வீரர்கள்' என்று வரும் பட்டியல்கள் பெரும்பாலும் அந்த ஆண்டின் ரொக்கத்தை எடுத்துக்கொள்ளும். அணி எப்படிக் கட்டப்படுகிறது என்று பேசுகிறவர்கள் கேப் ஹிட்டைச் சொல்வார்கள். ஒருவரின் ரொக்கத்தையும் இன்னொருவரின் கேப் ஹிட்டையும் பக்கத்தில் வைத்துவிட்டால் ஒப்பீடு அங்கேயே கெட்டுப்போகும். நடக்கும் தவறுகளில் பாதி இதுதான்.

இரண்டும் கேப் ஹிட்டாகவே இருந்தாலும் டாலரை டாலரோடு நேரடியாக ஒப்பிட முடியாது. 2004-05 சீசன் முழுவதும் கதவடைப்பில் போனபிறகு, ஓர் அணி தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்து இவ்வளவுக்கு மேல் செலவு செய்யக் கூடாது என்ற உச்சவரம்பு வந்தது. முதல் ஆண்டில் அது 39 மில்லியன். 2017-18இல் 75. கொரோனா காலத்தில் மூன்று சீசன் 81.5இலேயே நின்றது. 2024-25இல் 88, 2025-26இல் 95.5, 2026-27இல் 104, 2027-28இல் 113.5. வரம்பு இப்படி ஏறும்போது 2018இன் 12 மில்லியனும் 2026இன் 12 மில்லியனும் ஒன்றாகாது. அதனால் பார்க்க வேண்டியது விழுக்காட்டை: கேப் ஹிட்டை, ஒப்பந்தம் தொடங்கும் சீசனின் உச்சவரம்பால் வகுத்து நூறால் பெருக்குங்கள்.

கையெழுத்திட்ட ஆண்டின் வரம்பால் வகுப்பவர்களும் உண்டு. ஒரு ஆண்டு முன்கூட்டியே கையெழுத்தான ஒப்பந்தங்களில் இந்த இரண்டு முறைக்கும் நல்ல வித்தியாசம் வரும். கப்ரிஸோவ் கையெழுத்திட்டது 2025 செப்டம்பர் இறுதியில். அப்போதைய 95.5ஆல் வகுத்தால் 17.8 விழுக்காடு. ஒப்பந்தம் தொடங்கும் 2026-27இன் 104ஆல் வகுத்தால் 16.3. எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது. 2025 ஜனவரியிலேயே லீகும் வீரர்கள் சங்கமும் மூன்று ஆண்டுக்கான வரம்புகளை வெளியிட்டுவிட்டன. பேரம் பேசிய இரு தரப்புக்கும் 104 வரப்போவது தெரியும். எந்த முறையை எடுத்தாலும் சரி, ஒப்பிடும் எல்லோருக்கும் அதையே எடுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட பெயர்களைப் போட்டுப் பார்க்கலாம். மெக்டேவிட் 2017இல் கையெழுத்திட்டது 8 ஆண்டுக்கு 100 மில்லியன், கேப் ஹிட் 12.5. அது தொடங்கிய 2018-19இல் வரம்பு 79.5. ஆகவே 15.7 விழுக்காடு. ஒப்பிடக் கொலராடோவின் மெக்கினனையும் சேர்த்துக்கொள்வோம்: அவர் 12.6 வாங்கினார், 2023-24இல் வரம்பு 83.5, எனவே 15.1. மேத்யூஸும் கிட்டத்தட்ட அதே 15.1. டிரைசைட்டில் 14 வாங்கியும் 2025-26 வரம்பில் 14.7தான். டாலரில் பார்த்தால் 12.5, 12.6, 13.25, 14 என்று ஏறுவரிசை. விழுக்காட்டில் அதுவே இறங்குவரிசையாகிவிடுகிறது. 8 ஆண்டுக்கு 136 மில்லியன் என்று என்எச்எல் வரலாற்றின் மிகப் பெரிய ஒப்பந்தம் போட்ட கப்ரிஸோவ் விழுக்காட்டிலும் இவர்களைத் தாண்டியிருக்கிறார் என்பது உண்மை. ஆனால் 12.5க்கும் 17க்கும் இடையில் தெரியும் மலை போன்ற வித்தியாசம், 15.7க்கும் 16.3க்கும் இடையில் இல்லை.

இதற்கு இன்னும் தெளிவான உதாரணம் பிட்ஸ்பர்க்கின் சிட்னி கிராஸ்பி. 2008-09 முதல் அவருடைய கேப் ஹிட் மாறாமல் 8.7. சட்டை எண் 87, பிறந்த நாள் 1987 ஆகஸ்ட் 7. அந்த எண் மீது அவருக்கு அப்படி ஒரு பிடிப்பு. 2008-09இல் வரம்பு 56.7 என்பதால் அது 15.3 விழுக்காடு. அதே 8.7, 2025-26இல் 9.1 விழுக்காடுதான்.

மெக்டேவிட்டுக்கு ஏன் குறைவு என்ற கேள்விக்கு வருவோம். 2025 அக்டோபரில் அவர் எட்மன்டனோடு 2 ஆண்டுக்கு நீட்டித்தார், அதே 12.5க்கு. 2026-27இல் இது 12 விழுக்காடு, அடுத்த ஆண்டில் 11. இது சந்தை கொடுத்த விலை இல்லை, அவர் தானாகக் குறைத்துக்கொண்டது. விதிப்படி ஒரு வீரரின் கேப் ஹிட், கையெழுத்திடும் ஆண்டின் வரம்பில் 20 விழுக்காடு வரை போகலாம். அன்றைக்கு அது 19.1 மில்லியன். கப்ரிஸோவ் வாங்கியதைக் கேட்டிருந்தாலே ஆண்டுக்கு 4.5 மில்லியன் கூடக் கிடைத்திருக்கும். அந்த 4.5இல் அணி இரண்டாவது வரிசைக்கு ஒரு ஃபார்வர்டை வாங்கலாம். 2 ஆண்டு மட்டும் போட்டதிலும் கணக்கு இருக்கிறது: அது முடியும்போது வரம்பு 113.5ஐத் தொட்டிருக்கும், அணி கோப்பையை வெல்லும் நிலையில் இருக்கிறதா என்பதும் தெரிந்திருக்கும். இப்படி விட்டுக்கொடுத்த ஒப்பந்தத்தை வைத்து வீரரின் தரத்தை அளக்கக் கூடாது.

வயதையும் பாருங்கள். 27 வயதோ ஏழு சீசனோ ஆகும் வரை, ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் மேல் அணிக்கு உரிமை இருக்கும். வேறு அணி விலை சொல்லலாம். ஆனால் பழைய அணி அதே விலையைக் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். விட்டுவிட்டால் டிராஃப்ட் வாய்ப்புகள், அதாவது புதிய இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறைகள், ஈடாகக் கிடைக்கும். 2024 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் இப்படித்தான் எட்மன்டனின் புரோபெர்க், ஹாலோவே இருவரையும் ஒரே நேரத்தில் தூக்கியது. இது அபூர்வம், பெரும்பாலும் யாரும் துணிவதில்லை. அதனால் இளம் வயது ஒப்பந்தங்கள் மலிவாக அமைகின்றன. டிரைசைட்டில் 2017இல் 8 ஆண்டுக்கு 8.5 மில்லியன் கேப் ஹிட்டில் போட்டது 11.3 விழுக்காடு. சுதந்திரமாகப் போக உரிமை வந்த காலத்துக்கு அவரே போட்டதுதான் 14.7. 22 வயதுக்காரரின் ஒப்பந்தத்தை 29 வயதுக்காரருடையதோடு ஒப்பிட்டு 'இவன் ஏமாந்துவிட்டான்' என்பது சரியில்லை.

அடுத்து, பணம் எந்த வடிவில் வருகிறது என்பது. ஏஜென்ட்டுகள் அதிகம் மல்லுக்கட்டும் இடம் இதுதான். ஜான் டவாரெஸ் 2018இல் டொராண்டோவோடு 7 ஆண்டுக்கு 77 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார். முதல் ஆண்டு வருமானம் 15.9 மில்லியன். அதில் சம்பளம் என்று இருந்தது வெறும் 6.5 லட்சம் டாலர். மீதி 15.25 மில்லியன் சைனிங் போனஸ், அதாவது கையெழுத்திட்டதற்காகத் தரும் தொகை. போனஸ் வழக்கமாக ஜூலை 1 அன்று மொத்தமாகக் கைக்கு வந்துவிடும். சம்பளமோ சீசன் நடக்கும் மாதங்களில் பிரித்துத்தான் வரும். கதவடைப்பு நடந்தால் சம்பளம் நின்றுவிடும், போனஸ் நிற்காது.

இதைவிட முக்கியம், அணி ஒப்பந்தத்தை முறிக்கும்போது நடப்பது. 'பைஅவுட்' செய்தால், 26 வயது ஆன வீரருக்கு மீதியுள்ள சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை, மீதி ஆண்டுகளைப் போல் இரு மடங்கு காலத்துக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதைவிட இளையவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். போனஸில் மட்டும் ஒரு டாலரும் குறைக்க முடியாது. ஒருவருக்கு 3 ஆண்டு மீதி, ஆண்டுக்கு 7 மில்லியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுதும் சம்பளமாக இருந்தால் 21இல் 14 கொடுத்து அனுப்பிவிடலாம். ஆண்டுக்கு 1 சம்பளம், 6 போனஸ் என்று இருந்தால், சம்பளத்தில் 2, போனஸில் 18, ஆக மொத்தம் 20 கொடுத்தாக வேண்டும். அணிக்கு மிச்சம் 1 மில்லியன்தான். இப்படிப்பட்டவரை யாரும் வெளியேற்ற மாட்டார்கள். ஒரே கேப் ஹிட், ஒரே காலம் உள்ள இரண்டு ஒப்பந்தங்களில் எது வீரருக்குப் பாதுகாப்பானது என்று கேட்டால், போனஸ் பங்கு அதிகமுள்ளதுதான். லீகுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையே 2026 செப்டம்பரில் நடைமுறைக்கு வரும் கூட்டு ஒப்பந்தம் போனஸை மொத்தத் தொகையில் 60 விழுக்காட்டுக்குள் அடக்குகிறது. அதிகபட்சக் காலமும் சொந்த அணியில் 8இலிருந்து 7 ஆண்டாகவும், புது அணியில் 7இலிருந்து 6 ஆகவும் குறைகிறது. ஆகவே பழைய ஒப்பந்தங்களையும் இனி வருவனவற்றையும் காலத்தை வைத்து ஒப்பிடும்போது கவனம் தேவை.

முறித்தால் அணிக்கு எவ்வளவு வலிக்கும் என்பதை மினசோட்டாவைக் கேட்டால் தெரியும். பரீஸே, சூட்டர் இருவரோடும் 2012இல் தலா 13 ஆண்டு, 98 மில்லியன் என்று போட்டது. 2021இல் இருவரையும் பைஅவுட் செய்தது. விளைவு: 2023-24இலும் 2024-25இலும், அணியில் இல்லாத இரண்டு பேருக்காக ஆண்டுக்கு 14.7 மில்லியன் வரம்பு வீணானது. அந்தச் சுமை பெருமளவு இறங்கிய 2025இல்தான் அதே அணி கப்ரிஸோவுக்கு 17 கொடுக்க முடிந்தது.

கைக்கு வருவது எவ்வளவு என்பது தனிக் கணக்கு. லீக் வருமானத்தில் வீரர்களுக்குப் பாதி, உரிமையாளர்களுக்குப் பாதி. வீரர்களின் பங்கு பாதியைத் தாண்டிவிட்டால் ஈடுகட்ட, சம்பளத்தில் ஒரு பகுதியை 'எஸ்க்ரோ' என்று முன்கூட்டியே பிடித்து வைப்பார்கள். 2023-24 முதல் அந்தப் பிடித்தத்துக்கு உச்சம் 6 விழுக்காடு. பிறகு வரி. ஒன்டாரியோவில் மேல் அடுக்கு 53.53 விழுக்காடு, ஆல்பர்ட்டாவில் 48. ஃபுளோரிடா, டெக்சாஸ், நெவாடா, டென்னசியில் மாநில வருமான வரியே இல்லை, கூட்டரசு வரியின் மேல் அடுக்கு 37 மட்டும். இதனால் டல்லாஸில் 12 மில்லியன் வாங்குபவரின் கையில் டொராண்டோவில் அதே 12 வாங்குபவரைவிடக் கணிசமாகத் தங்கும். ஆனால் 53க்கும் 37க்கும் உள்ள வித்தியாசத்தை அப்படியே கழித்துவிடாதீர்கள். வெளியூர் ஆட்டங்களுக்கு அந்தந்த மாநிலம் தன் பங்கை எடுக்கும். கனடா அணிக்கு வரும் அமெரிக்கவாசிகளின் சைனிங் போனஸுக்கு இரு நாட்டு வரி உடன்படிக்கையில் 15 விழுக்காடு என்றொரு வழி சொல்லப்படும். டவாரெஸின் அந்த 15.25 மில்லியனுக்கு அது பொருந்தாது என்று கனடா வருவாய்த் துறை சொல்ல, விவகாரம் வரி நீதிமன்றம் வரை போனது. வரி இல்லாத மாநில அணிகள்தான் கோப்பை வெல்கின்றன என்று பேசுவோர் டென்னசியின் நாஷ்வில் அணியை மறந்துவிடுகிறார்கள். அங்கேயும் வரி இல்லை, இதுவரை கோப்பையும் இல்லை. இன்னொன்று: கனடா அணிகளும் அமெரிக்க டாலரில்தான் சம்பளம் தருகின்றன. கனடிய டாலராக நினைத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

கேப் ஹிட் எப்போதும் மொத்தத்தை ஆண்டால் வகுத்ததுதான் என்றும் நம்ப முடியாது. கரோலினாவின் ஜார்விஸுக்கு 8 ஆண்டுக்கு 63.2 மில்லியன். வகுத்தால் 7.9. ஆனால் ஒரு பகுதி பின்னாளில் கொடுக்கப்படுவதால் கேப் ஹிட் 7.42 மட்டும். புதிய விதிகளில் இந்த வழி அடைக்கப்பட்டுவிட்டது.

புதுமுகங்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே வேண்டாம். முதல் ஒப்பந்தத்துக்கு விதி போட்ட உச்சம் உண்டு. சிகாகோவின் இளம் வீரர் பெடார்டுக்கு அந்த ஒப்பந்தத்தில் அடிப்படை 9.5 லட்சம் டாலர், கோல், விருது போன்ற இலக்குகளை எட்டினால் மேலும் 3.5 மில்லியன் வரை. பேரம் பேச அங்கே இடமே இல்லை.

மகளிர் தொழில்முறை லீகான பிடபிள்யூஎச்எல் 2023-24இல் 35,000 டாலர் குறைந்தபட்சத்தோடு தொடங்கியது. ஒவ்வோர் அணியிலும் ஆறு பேருக்காவது 80,000. அதே ஆண்டு என்எச்எல்லில் கடைசி வீரருக்கும் 7.75 லட்சம்.

இந்திய ஹாக்கி லீக் தொகையை இதோடு வைத்துப் பார்க்காதீர்கள். அது பனியில் அல்லாமல் செயற்கைப் புல்தரையில் ஆடும் ஹாக்கி என்பதால் மட்டும் சொல்லவில்லை. 2024 ஏலத்தில் ஹர்மன்பிரீத் சிங்குக்குச் சூர்மா கிளப் கொடுத்த 78 லட்சம் ரூபாயோ, தமிழ்நாடு டிராகன்ஸ் யிப் யான்சனுக்குக் கொடுத்த 54 லட்சமோ ஐந்து வாரத்துக்கு மேல் போகாத ஒரு சீசனுக்கான விலை. ஏலத்தில் ஆண்கள் அணி ஒன்று செலவிடக்கூடிய மொத்தப் பையே 4 கோடி ரூபாய். அந்த லீக்குக்குள் ஒப்பிட வேண்டுமானால் இதே சூத்திரத்தைப் போடலாம்: 78 லட்சம் என்பது பையில் 19.5 விழுக்காடு. அதற்கு வெளியே இந்திய வீரருக்கு மாத வருமானம் தருவது பெரும்பாலும் ரயில்வே, காவல்துறை போன்ற அரசு வேலைகள். ஹர்மன்பிரீத்தே பஞ்சாப் காவல்துறை அதிகாரி.