ஓஹியா காடும் ஹவாய் வாழ்வும்: கேளுங்கள், சொல்கிறேன்

ஹவாயின் பெரிய தீவில் நாட்டுமரக் கன்று நடும் குழுவில் பல வருடமாக இருக்கிறேன். காடு, பறவை, ஹுலா என்ற ஹவாயின் மரபு நடனம் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, ஓஹியா மரத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

எரிமலைக் குழம்பு ஆறிய கருங்கல் வெளியில், விரிசலுக்குள்ளிருந்து முதலில் தலைநீட்டும் மரங்களில் ஒன்று அது. பூவின் பெயர் லேஹுவா. ஹுலா ஆடுபவர்கள் காட்டு வாசலில் நின்று பாடி, அனுமதி கேட்டு, தேவைக்கு மட்டும் பறிப்பது மரபு. 2014இல் அந்த மரத்தைக் கொல்லும் பூஞ்சையை அடையாளம் கண்டார்கள். பட்டையில் காயம் இருந்தால் உள்ளே புகுந்து தண்ணீர் ஏறும் வழியை அடைத்துவிடும். சில வாரங்களில் மரம் முழுக்கப் பழுப்பாகும். இலை உதிராது, கிளையிலேயே காய்ந்து நிற்கும். வெட்டினால் கட்டைக்குள் கருங்கறை தெரியும். நோய் பரவக் கூடாதென்று பல ஹுலா குழுக்கள் லேஹுவா மாலையையே விட்டுவிட்டன. அவர்களுக்கு அது சின்ன இழப்பு அல்ல.

காட்டுக்குள் போகுமுன்னும் வந்தபின்னும் செருப்பு மண்ணைத் தேய்த்தெடுத்து, 70 சதவீத ஆல்கஹால் தெளியுங்கள்.

கேள்வி: எந்த மாதம் விமான டிக்கெட் மலிவு?

பயண ஏஜென்டைக் கேளுங்கள்.

கேள்வி: எரிமலைக் கல் ஒன்று எடுத்து வரலாமா?

கூடாது. தேசியப் பூங்காவில் அது குற்றம்.

கேள்வி: மௌவி தீவில் கொசுவை விட்டே கொசுவை ஒழிக்கிறார்களாமே?

ஆமாம், 2023 முதல். விடுவது ஆண் கொசு மட்டும், அது கடிக்காது. அதன் உடலில் வேறு வகை வோல்பாகியா பாக்டீரியா இருக்கும். அதோடு சேரும் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. இஈவி என்ற சிவப்புத் தேன்குருவிக்குக் கொசு பரப்பும் பறவை மலேரியா வந்தால் பெரும்பாலும் பிழைக்காது. குளிர்ந்த மலை உச்சிதான் புகலிடம். வெப்பம் கூடக் கூடக் கொசு அங்கேயும் ஏறுகிறது.

கேள்வி (அதே நபர்): இயற்கையில் மனிதன் கை வைக்கலாமா?

ஏற்கெனவே வைத்தாயிற்று! முன்பு ஹவாயில் கொசுவே கிடையாது. 1826 வாக்கில் கப்பலின் தண்ணீர்ப் பீப்பாயில் வந்தது. நாம் கொண்டுவந்ததை நாம்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி (இன்னொருவர்): கொசு இல்லாவிட்டால் உணவுச் சங்கிலி அறுந்துவிடாதா?

கொசு இல்லாமலே அந்தப் பறவைகள் பல லட்சம் வருடம் வாழ்ந்தன. கவாய் தீவின் ஓஓ பறவை 1987க்குப் பிறகு கேட்கவே இல்லை. பதிவில் இருக்கும் அந்தக் கூவலுக்கு எதிர்க்கூவல் கிடையாது. அதைக் கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

கேள்வி: சின்னக் கல்கூட எடுக்கக் கூடாதா?

மேலே சொல்லிவிட்டேன். சின்னதும் கல்தான்.

கேள்வி: அங்கே குடிவருகிறோம். கோவைக்காய்க் கொடி கொண்டுவரலாமா?

தயவுசெய்து வேண்டாம். இங்கே கோவை மரங்களை மூடிப் படரும் களை. புள்ளிமானும் இந்தியாவிலிருந்து வந்ததுதான். இன்று நாட்டுச் செடிகளை மேய்ந்து தள்ளுகிறது.

கேள்வி: ஹவாய் மொழி மிஞ்சுமா?

மிஞ்சும் என்றே நம்புகிறேன். 1896இல் பள்ளியிலிருந்து விரட்டினார்கள், 1978இல் ஆட்சிமொழியானது, 1984இல் ஹவாய் மொழியிலேயே நடக்கும் மழலையர் பள்ளி தொடங்கியது. எங்கள் குழுவில் வரும் பிள்ளைகள் கன்றுக்குக் குழி தோண்டிக்கொண்டே அந்த மொழியில் சண்டை போடுகிறார்கள்.

கேள்வி: பாதையோரமாகத்தான் நடப்போம். செருப்பைக் கழுவியே ஆக வேண்டுமா?

ஆமாம். பூஞ்சை மண்ணில் ஒட்டி வரும். ஓரம் என்றால் அதற்குத் தெரியாது.