மனிதநேயப் பணிகளில் கறுப்பின மக்களின் பங்கு வரலாற்றில் ஏன் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை?

வேலை செய்தவர்கள் ஒரு பக்கம், அதை எழுதி வைத்தவர்கள் வேறு பக்கம். முக்கியமான காரணம் இதுதான் என்பேன். பொதுவாகப் பேசுவதைவிட, என்னை மிகவும் பாதித்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

1793 ஆகஸ்டில், அமெரிக்காவின் அன்றைய தலைநகரான பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. சுமார் 50,000 பேர் வாழ்ந்த ஊர். நவம்பருக்குள் ஏறத்தாழ 5,000 பேர் இறந்துவிட்டார்கள். வசதியுள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் ஊரைக் காலி செய்தார்கள். கொசுவால் வருகிறது என்று அன்று யாருக்கும் தெரியாது. சொந்த வீட்டு நோயாளியைத் தொடவே பயந்தார்கள்.

கறுப்பின மக்களை இந்தக் காய்ச்சல் தாக்காது என்று பிரபல மருத்துவர் பெஞ்சமின் ரஷ் நம்பினார். அவர்கள் வந்து உதவ வேண்டும் என்று பத்திரிகையில் வேண்டுகோள் வெளியானது. அப்சலோம் ஜோன்ஸும் ரிச்சர்ட் ஆலனும் முன்வந்தார்கள். இருவருமே அடிமைகளாகப் பிறந்து விடுதலை பெற்றவர்கள். கறுப்பின மக்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வதற்கான சுதந்திர ஆப்பிரிக்கச் சங்கத்தை 1787இல் தொடங்கியவர்கள்.

முதலில் அவர்கள் நுழைந்தது ஒரு சந்து வீடு. கணவர் சாகக் கிடக்கிறார். மனைவி ஏற்கெனவே இறந்து, உடல் வீட்டிலேயே இருக்கிறது. பக்கத்தில் இரண்டு குழந்தைகள் மட்டும். அன்றே இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களைப் போய்ப் பார்த்தார்கள். அப்புறம் வாரக்கணக்கில் நோயாளிகளைக் கவனிப்பதும் பிணங்களை எடுத்து அடக்கம் செய்வதும்தான் வேலை. ரஷ் நம்பியது பொய் என்பதும் சீக்கிரமே தெரிந்தது. கறுப்பின மக்களிலும் 200க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆலனே காய்ச்சலில் விழுந்து பிழைத்தார்.

நோய் அடங்கியதும் மேத்யூ கேரி என்ற பதிப்பாளர் ஒரு புத்தகம் போட்டார். கறுப்பினத்தவர் சிலர் அநியாயக் கூலி கேட்டார்கள், நோயாளிகளின் வீட்டில் திருடினார்கள் என்று அதில் எழுதினார். புத்தகம் நன்றாக விற்றது. இத்தனைக்கும் ஜோன்ஸையும் ஆலனையும் பெயர் சொல்லிப் பாராட்டியிருந்தார். அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டு அவர்கள் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பெயர் தெரியாத மற்றவர்களுக்காக 1794இல் பதில் நூல் எழுதினார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடியது இங்கேதான்.

அந்த நூலில் வரவு செலவுக் கணக்கே இருக்கிறது. வந்த பணம் 233 பவுண்டு சொச்சம். சவப்பெட்டிக்கும், வேலைக்கு வைத்த ஐந்து பேரின் கூலிக்கும் போனது 411 பவுண்டு. மீதியெல்லாம் கைக்காசு. கூலி ஏறியதற்குக் காரணம், ஆள் கிடைக்காமல் பணக்காரர்கள் போட்டி போட்டு ஏற்றியதுதான் என்றும் விளக்கியிருக்கிறார்கள். ஆபத்து நேரத்தில் கேரியே ஊரைவிட்டுப் போனதையும் தயங்காமல் சொன்னார்கள்.

பெரிய மனிதர்களை மட்டும் அவர்கள் எழுதவில்லை. ஒரு வயதான அம்மா, தான் கவனித்துப் பிழைக்க வைத்தவர் என்ன கூலி வேண்டும் என்று கேட்டபோது, குளிர்காலத்தில் ஒரு வேளைச் சாப்பாடு போதும் என்றாராம். சாம்ப்சன் என்ற ஏழை, காசு வாங்காமல் வீடு வீடாகப் போய் உதவி, அதே நோயில் இறந்தார். அவரால் உதவி பெற்றவர்கள் பிறகு அவருடைய குடும்பத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேரியின் புத்தகம் மட்டும் மிஞ்சியிருந்தால் இந்த இருவரையும் நமக்குத் தெரிந்திருக்காது.

அந்தப் பதில் நூல் சின்னதுதான், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலம் கொஞ்சம் பழையது. இந்த விஷயத்தில் ஆர்வம் இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள்.